றீற்றா தைத்து முடிக்காத போர்வை

றீற்றா போய்விட்டாள். என் மனைவி. நெடுந்தீவுக்கு வெளியே இருக்கும் பலருக்கு இன்னும் தெரியாது, அதனால்தான் பேஸ்புக்கில் எழுதுகிறேன்.

நெஞ்சு நோகுது என்றாள்... கடல் கடந்து யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குப் போட்டில் கொண்டுபோனோம். கலியாணம் முடித்த நாளிலிருந்து அவளுக்குப் போட் ஒத்துக்கொள்ளாது, கண்ணை மூடிக்கொண்டு என் தோளில் சாய்ந்துவிடுவாள். அன்றைக்கும் அப்படித்தான்.

"கரை வந்திட்டுதோ?" என்று கேட்டபடியே வந்தாள். அடுத்த நாள் விடிய எல்லாம் முடிந்துவிட்டது.

மகள் டிலானி நோர்வேயில். முதல் பிள்ளை வயிற்றில், பிளேனில் வர முடியாது. செத்தவீட்டை வீடியோ கோலில்தான் பார்த்தாள்.

அந்தப் பேரப்பிள்ளைக்காகத்தான் றீற்றா போர்வை தைத்துக்கொண்டிருந்தாள். பழைய துணிகளைச் சதுரமாக வெட்டி, ஒன்றோடொன்று சேர்த்து... சின்ன வயதில் தேவாலயத்தில் முதல் நன்மை வாங்கியபோது டிலானி போட்ட சட்டைகூட அதில் இருக்கிறது.

"இஞ்ச வெக்கையில அவியிறம், உமக்குப் போர்வையோ?" என்று பகிடி பண்ணுவேன்.

"உங்களுக்கோ தைக்கிறன்? அங்க பனி கொட்டுதாம். சும்மா இருங்கோ."

ஒருநாள் நான் இடுப்பில் கட்டும் நீலச் சாறத்தைக் காணவில்லை. வீடு முழுக்கத் தேடினேன். பார்த்தால் போர்வையின் நடுவில் இருக்கிறது! "பிள்ளை உங்கட மணத்தோட படுக்கட்டும்" என்றாள். "மீன் மணக்குமே" என்றேன். விழுந்து விழுந்து சிரித்தாள்.

செத்தவீட்டுக்கு வந்த சொந்தங்கள் போன பிறகு வீட்டில் ஒரு சத்தமும் இல்லை. ரேடியோவைப் போட்டாலும் பொறுக்க முடியவில்லை.

போர்வையில் ஒரு ஓரம் மட்டும் மிச்சம், ஊசி குத்தினபடியே. எடுத்துத் தைக்கத் தொடங்கினேன். கடல்தொழில் செய்பவன், எனக்குத் தெரிந்தது வலை தைப்பது மட்டும்தான். அதே மாதிரி முடிச்சுப் போட்டுப் போட்டு... பின்னேரம் தேத்தண்ணி குடித்துவிட்டு உட்கார்ந்தால் இருட்டும்வரை பொழுது போகும். தனிமை கொஞ்சம் குறைந்த மாதிரி இருந்தது.

போன கிழமை தைத்து முடித்தேன். பெருமையோடு படம் எடுத்து அனுப்பப் போகும்போது டிலானியே கோல் எடுத்தாள்.

"அப்பா, அம்மா தைச்ச போர்வை இருக்கெல்லே... அவ விட்டபடியே அனுப்புங்கோ. ஊசியையும் எடுக்காதேங்கோ. ஒருத்தரும் தொட வேண்டாம்."

"ஓம் பிள்ளை" என்றேன். நான் தைத்ததைச் சொல்லவில்லை; அவள் பேஸ்புக் பார்ப்பதில்லை, அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

அன்று தொடங்கி என் தையலைப் பிரித்துக்கொண்டிருக்கிறேன். வலை முடிச்சு லேசில் அவிழாது. துணி கிழியாமல் ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும். ஒரு வகையில் நல்லதுதான்... பின்னேரங்களுக்கு மறுபடி வேலை இருந்தது.

நேற்று அவளுடைய தையலுக்குக் கிட்ட வந்துவிட்டேன். இனிக் கடைசி முடிச்சு ஒன்றுதான். அதை அவிழ்த்து, ஊசியை அவள் விட்ட இடத்தில் குத்திவிட்டால் சரி.

மனம் வரவில்லை, என் தையல் அவளுடைய தையலைத் தொடும் இடம் அது. இன்றைக்கு முழுக்க மடியில் வைத்துக்கொண்டு சும்மா இருந்தேன்.

டிலானி காத்துக்கொண்டிருக்கிறாள். அந்த முடிச்சையும் அவிழ்த்து, நாளைக்குக் காலைப் போட்டில் அனுப்பத்தான் வேண்டும்.

போய் வாரும், றீற்றா.