விருந்தாளித் தண்ணீர்

எங்கள் வீட்டில் அந்தக் காலத்தில் இரண்டு விதமான தண்ணீர் இருந்தது. கிணற்றுத் தண்ணீர் எங்களுக்கு. சர்ச் காம்பவுண்டு அடிபம்பிலிருந்து அம்மாவும் நானும் சுமந்து வரும் தண்ணீர் வீட்டுக்கு வருகிறவர்களுக்கு. ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப்புகளின் கழிவு பாலாற்று மணலுக்குள் இறங்கி எங்கள் கிணற்றுக்கு வந்து சேர்ந்ததிலிருந்து இந்த ஏற்பாடு. கிணற்றுத் தண்ணீரில் சோப்பு நுரைக்காது. வடித்த சோறு சாயங்காலத்துக்குள் சிவந்துவிடும். எங்களுக்குப் பழகிவிட்டது. ஆனால் பாஸ்டர் ஐயாவுக்கு அதைக் கொடுப்பதைவிட அம்மாவுக்குச் சாவது மேல்.

அது எழுபதுகளின் கடைசி. நெற்பயிர் நுனி கருகி நின்றது. உப்பேறிய நிலத்தைச் சீர்செய்ய அரசாங்கம் ஜிப்சமும், வடிகால் வெட்ட உதவியும் தருகிறது என்று யாரோ சொல்ல, அப்பா பிளாக் ஆபீசுக்கு நடையாய் நடந்தார். ஒரு மேஜைக்காரர் இன்னொரு மேஜையைக் காட்டுவார். அந்த மேஜைக்காரர் லீவில் இருப்பார். கடைசியில் அங்கிருந்து கிராம சேவக் ஒருவர் சைக்கிளில் வந்தார். அப்பா அன்று சந்தைக்குப் போயிருந்தார். சேவக் வயலைச் சுற்றிப் பார்த்துவிட்டு ஒரு கண்ணாடி பாட்டிலை அம்மாவிடம் கொடுத்தார்.

"கெணத்துத் தண்ணி புடிச்சி வைம்மா. நாளைக்கி வந்து எடுத்துக்கினு போறேன். டெஸ்ட்டு பண்ணி, அதப் பாத்துதான் ஒதவி குடுப்பாங்க."

அம்மா பாட்டிலைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக் கழுவினாள். பிறகு விருந்தாளிப் பானையிலிருந்து மொண்டு அதை நிரப்பினாள்.

"இது பம்புத் தண்ணியாச்சேம்மா" என்றேன்.

"சும்மா இரு. கெட்ட தண்ணின்னு தெரிஞ்சா எந்த சர்க்கார் ஒதவி பண்ணும்? பொண்ணு பாக்க வர்றவங்ககிட்ட யாராச்சும் கொறைய சொல்லிக்கினு இருப்பாங்களா?"

அம்மாவைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. அவள் பார்த்த உலகத்தில் ஸ்காலர்ஷிப் நன்றாகப் படிக்கிற பிள்ளைக்கு, கடன் நல்ல நிலம் வைத்திருப்பவனுக்கு, மாப்பிள்ளை நல்ல நிறமுள்ள பெண்ணுக்கு. கெட்டுப்போனதற்குக் கைகொடுக்கவும் ஒரு திட்டம் இருக்கும் என்று அவளுக்கு யார் சொன்னார்கள்? மறுநாள் வந்து பாட்டிலை வாங்கிப்போன அந்த சேவக்கும் சொல்லவில்லை.

அறுவடை என்று சொல்லிக்கொள்ள ஏதோ கொஞ்சம் பதரை அடித்து முடித்த சமயத்தில் அவர் மறுபடி வந்தார். அப்பா வீட்டில்தான் இருந்தார்.

"உங்க தண்ணி நல்ல தண்ணியாம். குடிக்கவே குடிக்கலாம்னு வந்திருக்கு. இந்தத் திட்டத்துல நீங்க வரமாட்டீங்க" என்றார்.

அப்பா அவரைக் கிணற்றடிக்கு அழைத்துப் போய் ஒரு வாளி இறைத்து முன்னால் வைத்தார். தண்ணீர் டிகாஷன் நிறத்தில் இருந்தது. சேவக் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"எனக்குத் தெரியுதுங்க. ஆனா லிஸ்ட்டு மேல போய்ட்ச்சி. நான் இன்னா பண்ணட்டும்?"

வீட்டுக்கு வந்தவர் இல்லையா, அம்மா வழக்கப்படி ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அவர் அண்ணாந்து குடித்தார். அப்பா அந்த டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அம்மாவைப் பார்த்தார். அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

சேவக் போனதும் அப்பா உள்ளே வந்து, விருந்தாளிப் பானையில் ஒரு செம்பு மொண்டு முழுக்கக் குடித்தார். "நல்ல தண்ணிதான்" என்றார். துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார்.

அடுத்த வருஷம் நிலம் தரிசாகிவிட்டது. அப்பா தோல் ஷாப்பில், தோல் ஊறவைக்கும் சுண்ணாம்புக் குழியில் வேலைக்கு இறங்கினார். அம்மாவை அவர் கடைசிவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. திட்டியிருந்தால் அவள் அழுது ஓய்ந்திருப்பாள். கேட்காமல் விட்டதில் அவள் பாதியாகிப் போனாள்.

சேவக் வந்துபோன அன்று எனக்கு இதெல்லாம் எங்கே தெரியும்? 'நல்ல தண்ணி' என்றது மட்டும்தான் என் காதில் ஏறியது. எங்கள் தண்ணீர் பாஸாகிவிட்டது. அம்மா சொன்ன மாதிரியே நடந்துவிட்டது. மறுநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் ரோட்டோரம் போய் நின்றுகொண்டேன், எங்களுக்கு ஜிப்சம் மூட்டை ஏற்றிக்கொண்டு வண்டி வருகிறதா என்று பார்க்க.