தோணி இல்லாத கால் மெசின்

புளியந்தீவில் டெக்ஸ்டரின் வீட்டுக்குள் போக வேண்டுமென்றால் முதலில் வயிற்றை உள்ளே இழுத்துக்கொள்ள வேண்டும். வாசலிலிருந்து குசினி அடுப்பு வரைக்கும் பழைய கால் மெசின்கள். எல்லாம் தையல் மெசின்கள்தான், ஆனால் அந்த வீட்டில் ஒரு பொத்தான்கூடத் தைத்ததை நான் கண்டதில்லை. அவருடைய பெண்சாதி டெனீஸ் ஒரு மெசின் மேல் சோறும் இன்னொரு மெசின் மேல் குழம்பும் வைத்துத்தான் சாப்பாடு போடுவாள்.

நான் லெஸ்டர், டெக்ஸ்டருக்குச் சித்தி மகன். என் ஆட்டோவில்தான் இந்த இரும்பெல்லாம் வந்து சேர்ந்தது. அந்த நன்றிக்காக மற்றவர்களைவிட என்னைக் கொஞ்சம் கூடுதலாகச் சந்தேகப்படுவார்.

அவர் எதையும் நம்ப மாட்டார். கடையில் முட்டை வாங்கினால் அது கோழி போட்டதுதானா என்று விசாரிப்பார். மெசின் என்றால் சொல்லவே வேண்டாம். அடித்திருக்கும் இலக்கத்தை டோர்ச் பிடித்துப் பார்ப்பார், யாராவது அராவி மாற்றியிருக்கிறார்களா என்று விரலால் தடவுவார். மெசின் உடம்பிலுள்ள தங்கப் பூவை நகத்தால் சுரண்டுவார். ஸ்டிக்கர் என்றால் உரிந்து வரும். கடைசியில் மோந்து பார்ப்பார். எதற்கு என்று இன்றுவரை சொல்லவில்லை.

வாகரையில் அன்னப்பிள்ளை என்பவளிடம் தோணி மெசின் இருக்கிறது என்று கேள்விப்பட்ட நாளிலிருந்து மனிசனுக்குச் சோறு இறங்கவில்லை. பிந்தி வந்த மெசின்களில் அடிநூல் வட்டமான பொபினில் இருக்கும். பழைய காலத்து மெசினில் சின்னத் தோணி போல ஓர் இரும்புத் துண்டுக்குள் இருக்கும். தைக்கும்போது அந்தத் தோணி உள்ளே முன்னும் பின்னும் ஓடும். டெக்ஸ்டருக்குக் கிடைத்த அந்தக் காலத்து மெசின்களில் எல்லாம் தோணி தொலைந்தே போயிருந்தது. தோணியோடு ஒன்று கிடைத்தால் அதோடு நிறுத்திக்கொள்கிறேன் என்று வேதப்புத்தகத்தில் கைவைத்து டெனீசிடம் சொல்லியிருந்தார். டெனீஸ் நம்பவில்லை.

மாற்றிக் கொடுப்பதற்கு நல்ல ஓட்டமான வட்டப் பொபின் மெசின் ஒன்றை ஏற்றிக்கொண்டு பனிச்சங்கேணிப் பாலம் தாண்டிப் போனோம். யாராவது பறித்துவிடுவார்கள் என்று டெக்ஸ்டர் அதைக் கட்டிப்பிடித்தபடியே வந்தார். டெனீசைக்கூட அவர் அப்படிப் பிடித்திருக்க மாட்டார்.

அன்னப்பிள்ளை பிளவுஸ் தைத்துப் பிழைக்கும் பொம்பிளை. எங்களை மேலும் கீழும் பார்த்தாள்.

"நல்லதத் தந்திட்டுப் பழசக் கேக்கிறீங்க. என்ன தம்பி, பழைய மெசினுக்குள்ள இருக்கெண்டு சனம் கதைக்கிற கோடி ரூபாய்ப் பாதரசமா? முந்தியும் ரெண்டு பேர் வந்து ஊசிக்குக் கிட்ட போனைப் பிடிச்சுப் பாத்திட்டுப் போனவங்க."

"பாதரசமும் இல்ல, ஒண்டும் இல்ல அக்கா. சேத்து வைக்கிறன்."

"சேத்து வெச்சு?"

"பாப்பன்."

"பாத்து?"

டெக்ஸ்டர் டோர்ச்சை எடுத்து மெசினில் இலக்கத்தைத் தேடத் தொடங்கினார்.

"மெசின்ர காலை அறுத்துப் பாசிக்குடா ஹோட்டலுக்கு மேசை அடிக்கப் போறீங்க போல," என்றாள். ஆனாலும் அவளுக்கு மாற்றத் தேவை இருந்தது. அந்தக் கிழட்டு மெசினுக்கு ஊசி தேடி மட்டக்களப்பு முழுக்க அலைந்து களைத்திருந்தாள். எங்கள் மெசினை மிதித்துப் பார்த்தாள். பிடித்துவிட்டது.

டெக்ஸ்டர் அவளுடைய மெசினின் தட்டைத் தள்ளிப் பார்த்தார். தோணி உள்ளே மினுங்கிக்கொண்டு கிடந்தது. மெசின் மேல் பொம்பிளை முகமும் சிங்க உடம்புமாகத் தங்கப் படம். வருஷா வருஷம் சரஸ்வதி பூசைக்கு வைத்துவைத்து அந்த முகத்தின் நெற்றியில் குங்குமம் விரல் தடிப்பில் இருந்தது. நம்மாளுக்குச் சந்தேகம்: பொட்டுக்குக் கீழே படம் உரிந்திருந்தால்? பெருவிரலில் எச்சில் தொட்டுத் தேய்த்துவிட்டார்.

அன்னப்பிள்ளை எழும்பினாள். "என்ர மனிசன் கடலுக்குப் போய் நிக்கிறார். நீ என்ர வீட்டுக்க வந்து எச்சில் கையால பொட்டழிக்கிறயா?"

நான் காலில் விழாத குறை. டெக்ஸ்டருக்கும் சேர்த்து நானே மன்னிப்புக் கேட்டேன். "சரி, கொண்டு போங்க. ஆனா பொட்டில்லாம இது என்ர படி தாண்டாது," என்று குங்குமத்தோடு போய் மெசின் முன்னால் குனிந்தாள். அதற்குள் டெக்ஸ்டரும் கடைசியாக எண்ணெய் விடுகிறேன் என்று அவளுக்குக் கொடுத்த மெசினருகே குனிந்தார். இரண்டு பேரும் நெடுநேரம் குனிந்திருந்தார்கள். பக்தி என்று நினைத்தேன்.

வீட்டுக்கு வந்து தட்டைத் திறந்தால் தோணி இல்லை. டெக்ஸ்டர் முதலில் என் காற்சட்டைப் பையைத்தான் பார்த்தார். அப்போது போன் அடித்தது, அன்னப்பிள்ளைதான்.

"தம்பி, உங்கட மெசினில பொபின் வைக்கிற கூடு எங்க?"

டெக்ஸ்டரின் கை சட்டைப்பைக்குப் போனது. கூடு அங்கேதான் இருந்தது. "உங்கடதில தோணி எங்க அக்கா?"

"என்ர மடியில. சண்டைக்குள்ள ஊரை விட்டு ஓடக்குள்ளயும் அதத்தான் கழட்டி மடியில கட்டிக்கொண்டு ஓடின நான். திரும்பி வரக்குள்ள மெசின் நிண்ட இடத்தில நிண்டது. தைக்கேலாத மெசின ஆரு தூக்குவான்? எச்சில் தொட்டுப் பொட்டழிக்கிற ஆளை நம்பேலுமா? உன்ர மெசினில ஒரு பிளவுஸ் தைச்சுப் பாத்திட்டுத் தருவம் எண்டு இருந்தன்."

"தோணி நல்லா ஓடினாக் கூட்டைத் தருவம் எண்டு நானும் இருந்தன்."

டெனீஸ் தலையில் கைவைத்தாள். "ரெண்டு செத்த மெசின். ரெண்டு பேரும் ஒரே அச்சு, மேன்."

அமிர்தகழியில் மாமாங்கக் கோயில் தீர்த்தத் திருவிழா நெருங்கியிருந்தது. அமிர்தகழிக்கு வருகிறேன், சாமிக்கு முன்னால் மாற்றுவோம் என்றாள் அன்னப்பிள்ளை. அது உங்கள் சாமி, உங்கள் பக்கம்தான் நிற்கும் என்று டெக்ஸ்டர் இழுத்தார். டெனீஸ் அவரைப் பிடித்து ஆட்டோவில் தள்ளினாள்.

தீர்த்தக்குளக் கரையில் ஊர்ப்பட்ட சனம். அதற்கு நடுவில் இரண்டு பேரும் முஷ்டியைப் பொத்திக்கொண்டு நின்றார்கள்.

"நீ முதல்ல."

"நீங்க முதல்ல அக்கா."

வெயில் ஏறியது. எனக்கு ஆட்டோ ஓட்டம் கெட்டுக்கொண்டிருந்தது. நடுவில் போய் இரண்டு கையையும் நீட்டினேன். "ரெண்டு பேரும் என்ர கையில வையுங்க. நான் மாத்தித் தாறன்."

இருவரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். ஒரே மாதிரிப் பார்வை. அன்னப்பிள்ளை டெக்ஸ்டரின் பக்கம் நகர்ந்தாள்.

"ஆரு தம்பி இவன்?"

"சித்தி மகன். கவனம் அக்கா."

"இவன்ட முழி சரியில்ல. இந்தா, நீயே புடி."

தோணி அவர் கைக்குப் போனது, கூடு அவள் மடிக்குப் போனது. என் கை இரண்டும் வெறுமனே நீட்டியபடி இருக்க, கச்சான் கடலை விற்றுக்கொண்டு போன ஒருவன் அதில் ஒரு சுருளை வைத்துவிட்டுக் காசு கேட்டான்.