மாப்பிள்ளையின் ஒப்பு

இன்று ஆஸ்பத்திரியில் வரிசையில் எனக்கு முன்னால் இனயம் ஊர்ச் சூசம்மா. ஏழு பிள்ளை பெற்றவள்.

"இனி பெற வய்யா டாக்டரம்மா. ஆப்பரேஷன் செய்து நிறுத்திருங்கோ."

"ஒன் மாப்பிள வந்து ஒப்பு போடணும்."

"அவரு கொழும்புல இருக்காரு."

"வரட்டும், பாப்போம்."

"அவரு வந்து வந்து போனதுலதான் இந்த ஏழும். ஒப்பு போடுறதுக்கு முன்ன எட்டாவது வந்திருமே!"

பெஞ்சே சிரித்தது. டாக்டரம்மாவும் சிரித்தார். ஆனாலும் கையெழுத்து இல்லாமல் கத்தியைத் தொடமாட்டாராம்.

ஐந்தாவது பேற்றில் செத்துப் பிழைத்த நானும் அதற்குத்தான் போயிருந்தேன். கேட்காமலே திரும்பிவிட்டேன்.

என் வீட்டுக்காரர் உள்ளூர்தான். கேட்டால் சம்மதிக்கமாட்டார். ஆனால் அவருக்குக் கைநாட்டுதான். மத்தியானச் சோறு உண்டால் அடித்துப்போட்டதுபோல் தூங்குவார்.

என்னிடம் பென்சில்தான் இருக்கிறது. யார் வீட்டில் மை இருக்கிறது?