குடை எடுக்க முடியாத மாஸ்ரர்

குடை இருந்தும் நனைந்தபடி போன மனிதர் கோப்பாயில் அருட்பிரகாசம் மாஸ்ரர் ஒருவர்தான். அதுவும் மூச்சிழுப்புக்காரர்.

லண்டன் சர்வகலாசாலைப் பரீட்சைக்கு எங்களுக்குப் பூமிசாஸ்திரம் படிப்பித்தார். மழையை அளப்பது மனிதருக்காக என்பார். காலநிலைச் செய்தி தோட்டக்காரனுக்கும் கடலுக்குப் போகிறவனுக்கும் நேரத்துக்குப் போய்ச் சேரவேண்டும் என்பார். அவருடைய செய்தி மட்டும் அவர் சொல்லாமலே போய்ச் சேர்ந்துகொண்டிருந்தது.

வீட்டு வளவுக்குள் மழைமானி வைத்ததால் வந்த வினை. அது பெய்த மழையை அளக்கும். பெய்யப்போகிற மழையை அறியாது. ஊர் இதை நம்பவில்லை. 1935 பங்குனியில் ஒருநாள் குடையோடு போனார். கண்ட அயல்வீட்டு முத்துக்குமாரு, வெயிலில் வாடப்போட்ட புகையிலையை அள்ளிக் குவித்தார். மழை வரவில்லை. குவியலில் புகையிலை அவிந்துபோனது.

"குடையோடை போனியள், நம்பினன்," என்றார் முத்துக்குமாரு.

"அது கம்பி முறிஞ்ச குடை. திருத்தக் கொண்டு போனனான்."

"அதை ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாம்."

அன்றிலிருந்து குடை சுவரில் தொங்கியது.

அடுத்த பங்குனியில் ஒரு காலை, மனைவி குணலட்சுமி அதை எடுத்து நீட்டினா. "இருட்டிக்கொண்டு வருது. நனைஞ்சா இழுக்கும்."

"அங்கை பார்."

படலையடியில் முத்துக்குமாரு. அவர் வானத்தைப் பார்க்கவில்லை. மாஸ்ரரின் கையைப் பார்த்தார்.

"தெரியாதெண்டு சொல்லுங்கோவன்."

"சொன்னனான். ஒளிக்கிறன் எண்டு நினைக்குது அந்தாள்."

குடையோடு போய் மழை பொய்த்தால் முத்துக்குமாருவின் புகையிலை போகும். வெறுங்கையோடு போய்ப் பெய்தால் புகையிலையோடு தன் நெஞ்சும் போகும். மாஸ்ரர் சட்டையைக் கழற்றினார். சுகமில்லை என்று கல்லூரிக்குக் கடிதம் எழுதினார்.

கொஞ்ச நேரத்தில் ஒழுங்கையில் முத்துக்குமாருவின் சத்தம்: "மாஸ்ரர் வெளிக்கிடேல்லை! குடைக்கு அடங்காத மழை வருகுது, ஓடி வாருங்கோ!"

ஒழுங்கையின் இரு பக்கத்து வீட்டுப் புகையிலை முழுவதும் கொட்டில்களுக்குள் ஏறியது. யன்னலால் பார்த்த மாஸ்ரர், மழை வேண்டிக் கந்தசுவாமியாரைக் கும்பிட்டார். சாஸ்திரத்தில் இதற்கு இடமில்லை.

பெய்தது. மூன்று அங்குலம். பின்னேரம் முத்துக்குமாரு வாழைக்குலையோடு வந்து, "பெரிய உபகாரம்," என்றார். மிச்சமிருந்த ஒரு வழியும் அதோடு அடைபட்டது.

மறு கிழமை நூற்றிரண்டு பாகைக் காய்ச்சலோடு, கொளுத்தும் வெயிலில், மாஸ்ரர் வகுப்புக்கு வந்தார். வீட்டில் படுத்திருக்கலாமே என்றோம்.

"நான் படுத்தா," என்றார், "ஒழுங்கையிலை ஒருத்தரும் புகையிலை காயப்போடமாட்டினம்."