மாதாவுக்கு வெள்ளைச் சேலை

என் கணவர் துறைமுகத்தில் கப்பலுக்குச் சாமான் ஏற்றும் தோணியில் வேலை செய்தவர். ஒரு மாரிக்காலத்தில் தோணிக்கும் கப்பலுக்கும் நடுவே தவறி விழுந்து போய்விட்டார். அதற்குப் பிறகு திருகோணமலைத் தெருவில் நான் நடக்கிற நடையே மாறிவிட்டது. காலையில் வேலைக்குப் புறப்படுகிறவர்கள் என்னை எதிரே கண்டால் வீட்டுக்குள் திரும்பிப் போய், ஒரு மிடறு தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மறுபடி வெளியே வருவார்கள். அவர்களில் பாதிப்பேர் என்னோடு ஞாயிற்றுக்கிழமை பூசை காண்கிறவர்கள். நாங்கள் தலைமுறை தலைமுறையாகக் கத்தோலிக்கர்கள், ஞானோபதேசம் முழுக்க மனப்பாடம். ஆனால் எதிரே வருகிறவரை வைத்துச் சகுனம் சொல்லுகிற இந்த முழுவியளப் பழக்கத்தை மட்டும் எந்த ஞானஸ்நானத் தண்ணீரும் கழுவவில்லை.

மூதூரில் இருந்த எங்கள் வீடு அக்காவுக்குச் சீதனமாகப் போயிருந்தது. திரும்பிப் போக இடமில்லாததால் கணவரின் தாயான மாமியின் வீட்டிலேயே தங்கினேன். மாமி, அவருடைய மகளான மச்சாள், மச்சாளின் கணவர், நான். மாமியும் இளம் வயதிலேயே புருஷனை இழந்தவர்தான். சாயங்காலம் ஆனால் மாதாவின் கணவரான சூசையப்பரின் படத்துக்கு முன்னால் முழந்தாளில் நின்று நல்மரணம் கேட்பார். ஆனால் அந்தப் படத்தடியில் இருந்த தேங்காயெண்ணெய் விளக்கைத் தொடமாட்டார். அது மச்சாளின் வேலை. ஒருநாள் மச்சாள் காய்ச்சலில் படுத்துவிட, நான் நெருப்புப்பெட்டியை எடுத்தேன்.

“நீ விடு பிள்ளை. ஒருநாள் இருட்டில செபிச்சால் செபம் மேல ஏறாதோ?” என்றார் மாமி.

அன்று இருட்டில்தான் செபித்தோம்.

அந்தக் காலத்தில் எங்கள் பங்குச் சுவாமி ஒரு வெள்ளைக்காரர். தமிழைக் கடித்துக் கடித்துப் பேசுவார். என்னைக் கோயிலைக் கூட்டித் துப்புரவாக்கும் வேலைக்கு எடுத்தவர் அவர்தான். முதல் நாளே நீளமான தடியொன்றை என் கையில் தந்து, பூசைக்கு முன் பீடத்து மெழுகுதிரிகளைக் கொளுத்திவிட்டு இறங்கிவிட வேண்டும் என்றார். நான் திகைத்துப்போய் நின்றேன். அவருக்கு நான் ஏன் திகைக்கிறேன் என்று விளங்கவில்லை. தடி பாரமாக இருக்கிறதோ என்று கேட்டார்.

ஊரில் ஒருவரும் அதற்கு மூச்சு விடவில்லை. மெழுகுதிரி வெள்ளைக்காரரின் சாமான். அதற்கு எங்கள் சாத்திரத்தில் இடமில்லை. பூசையோ லத்தீனில் நடந்தது. எனக்கு ஒரு சொல்லும் புரியாது. புரியாத அந்தப் பாஷையில் பேசுகிற ஆண்டவருக்குத் தாலியைப் பற்றியும் ஒன்றும் தெரியாது என்று நினைத்துக்கொள்வேன். திருகோணமலை முழுவதிலும் நான் கைம்பெண்ணாக இல்லாத இடம் அந்தப் பீடத்தின் மூன்று படிகள்தான். தடியின் நுனியில் சுடர் ஏறும்போது நான் யாருக்கும் பயப்படாத மனுஷி. சொன்னால் சிரிப்பீர்கள், அந்தக் கொஞ்ச நேரத்துக்காகவே நான் மிச்ச நாள் முழுவதையும் பொறுத்துக்கொண்டேன்.

பிறகு பூசை தமிழுக்கு மாறியது. வெள்ளைக்காரச் சுவாமி ஊருக்குப் போக, எங்கள் பக்கத்துத் தமிழ்ச் சுவாமி ஒருவர் வந்தார். இந்தியாவுக்குப் போய்ப் படித்துவிட்டு வந்தவர். நல்ல மனுஷன், சுறுசுறுப்பு. சுவிசேஷம் போன நாடெல்லாம் அந்தந்த நாட்டு உடுப்பை உடுத்திக்கொண்டது என்று பிரசங்கத்தில் சொன்னார். ஆபிரிக்காவில் மேளத்துக்கு ஆடிக்கொண்டே காணிக்கை கொண்டுவருகிறார்களாம். இன்னொரு தேசத்தில் மாதா கருத்த நிறத்தோடு, அந்த ஊர்ப் பெண்களின் போர்வையைப் போர்த்திக்கொண்டு நிற்கிறாவாம். “நாங்கள் மட்டும் இரவல் சட்டையோட கும்பிடுறம்,” என்றார்.

நான் அழுதேன். ‘பரலோகத்திலிருக்கிற எங்கள் பிதாவே’ என்று பூசையில் எல்லோரும் தமிழில் சொன்னபோது, இத்தனை வருஷம் கதவுக்கு வெளியே நின்றவளை யாரோ உள்ளே கூப்பிட்டது போலிருந்தது. பெரிய குத்துவிளக்கு ஒன்று வாங்கிவந்து பீடத்தருகே வைத்தார்கள். சனிக்கிழமை முழுவதும் நான்தான் புளி போட்டு அதை மினுக்கினேன். எண்ணெய் விட்டேன், திரி திரித்தேன். இனி எல்லாம் எங்களுடையது என்ற சந்தோஷத்தில் கை நோவே தெரியவில்லை.

ஞாயிறு காலை நெருப்புக்குச்சியை உரசப் போனேன். மாதா சங்கத் தலைவி என் மணிக்கட்டைப் பிடித்தார். கடுமையாகப் பிடிக்கவில்லை; பிள்ளையைக் கிணற்றடியிலிருந்து இழுக்கிற மாதிரித்தான் பிடித்தார்.

“தங்கச்சி, நீங்கள் விடுங்கோ. மெழுகுதிரி எண்டால் பரவாயில்லை. இது குத்துவிளக்கு.”

நான் சுவாமியைப் பார்த்தேன். சுவாமி புத்தகத்தைப் பார்த்தார். தாலியுள்ள ஐந்து பெண்கள் ஆளுக்கொரு திரியாக ஏற்றினார்கள். பழைய மெழுகுதிரித் தண்டுகளை ஏற்கனவே பீடத்திலிருந்து எடுத்துக் களஞ்சிய அறைக்குள் அடுக்கியாகிவிட்டது. அடுக்கியவளும் நான்தான்.

பூசை முடிய மிஷன் வீட்டுக்குப் போனேன். சுவாமிக்கு நான் எதற்கு வந்தேன் என்று தெரிந்திருந்தது. உட்காரக் கதிரையைக் காட்டினார்.

“நீங்கள் சொல்லமுதலே எனக்கு வெட்கமாக் கிடக்கு,” என்றார். “நான் விளக்கை மட்டும்தான் கேட்டனான். அதோட இதெல்லாம் வரும் எண்டு யோசிக்கேல்லை.”

“அப்ப சொல்லுங்கோவன் சுவாமி, நான் ஏத்தலாம் எண்டு.”

“சொன்னால் அந்தப் பொம்பிளையள் தங்கட பிள்ளையளின்ர கலியாணத்தை இந்தக் கோயிலில வைக்கமாட்டினம். கொஞ்சம் பொறுங்கோ. சனம் மெல்லத்தான் மாறும்.”

பொறுத்தேன். சனிக்கிழமை தோறும் விளக்கை மினுக்கினேன். திரி வரைக்கும் என் கை, நெருப்பு மற்றவர்களின் கை. உள்ளுக்குள் பற்றி எரிந்தது. வேலையை விட்டுவிட்டு அக்காவிடம் போகலாம் என்று ஒரு தடவை மூதூர் லாஞ்சுப் படகில் ஏறினேன். அக்காவின் வீட்டு வாசலிலும் ஒரு விளக்கு இருந்தது, அதை ஏற்றவும் ஆள் இருந்தது. அடுத்த லாஞ்சில் திரும்பிவிட்டேன். எங்கள் துறைமுகத்தின் உள்பக்கத்தில் நின்று பார்த்தால் சுற்றிவர மலையும் காடும்தான், கடலுக்குப் போகிற வாசல் கண்ணுக்குப் படாது. என் நிலையும் அதுதான். பழைய லத்தீன் எனக்கு இடம் தந்தது, ஒரு சொல்லும் தரவில்லை. தமிழ் அத்தனை சொல்லையும் தந்துவிட்டு இடத்தைப் பறித்துக்கொண்டது. லத்தீன் திரும்பி வரவேண்டும் என்று வேண்ட எனக்கு மனம் வரவில்லை. தமிழில் செபித்துப் பழகிய வாய் அதற்குத் திறக்காது.

ஆவணியில் மாதா மோட்சத்துக்கு எடுபட்ட திருநாள் வந்தது. முந்திய ஞாயிறு சுவாமி, மாதாவை எங்கள் ஊர்த் தாயாகப் பார்க்க வேண்டும், இந்தமுறை சுரூபச் சிலைக்குச் சேலை உடுத்துவோம் என்றார். சுரூபத்தைத் துடைப்பதும் சோடிப்பதும் எப்போதும் என் வேலை. திருநாளுக்கு முந்தின நாள் தலைவி சிவப்புக் கூறைச் சேலை ஒன்றைக் கொடுத்தனுப்பினார்.

அன்று சாயங்காலம் செபம் முடிய மாமியிடம் கேட்டேன்.

“மாமி, மாதா மோட்சத்துக்குப் போகேக்க சூசையப்பர் எங்க நிண்டவர்?”

“அவர் எப்பவோ போயிட்டாரே. மாதாவும் யேசுநாதரும் பக்கத்தில இருக்க, மடியில தலை வைச்சுச் செத்தவர். அதாலதானே நல்மரணத்துக்கு அவரைக் கேக்கிறம்,” என்றார் மாமி. சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கக் குசினிக்குள் போய்விட்டார்.

எனக்கு அன்று நித்திரை வரவில்லை. விடியும் முன்பே எழுந்து, என் பெட்டியிலிருந்து இன்னும் உடுக்காத வெள்ளைச் சேலையை எடுத்துக்கொண்டு கோயிலுக்குப் போனேன். நாங்கள் உடுத்துகிற விதமாகவே மாதாவுக்கு உடுத்தினேன். பூ வைக்கவில்லை. கூறைச் சேலையை மடித்துக் கதிரையில் வைத்தேன். சேலையின் கொய்யக மடிப்புகளைப் பிசகாமல் மடித்தேன்.

பெண்கள் ஆலாத்தித் தட்டோடு வந்தார்கள். சுரூபத்தைக் கண்டதும் அப்படியே நின்றுவிட்டார்கள்.

“இதென்ன வேலை?” என்றார் தலைவி.

“சுவாமிதானே சொன்னவர், எங்கட ஊர்த் தாய் எண்டு. எங்கட ஊரில புருஷன் செத்தவள் இப்படித்தானே நிக்கிறவள்.”

“நீ மாதாவையும் உன்னைப்போல ஆக்கிப்போட்டாய்.”

“நான் ஆக்கேல்லை. அவ அப்படித்தான் இருந்தவ.”

ஆலாத்தித் தட்டை வைத்திருந்தவளுக்கு முன்னே வரவும் முடியவில்லை, பின்னே போகவும் முடியவில்லை. ஊர்ப் பழக்கப்படி அமங்கலிக்கு ஆலாத்தி எடுப்பதில்லை. மாதாவுக்கு எடுக்காமல் விட்டால் பாவம். சுவாமி பூசை உடுப்போடு வெளியே வந்தார். சுரூபத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தலைவியைப் பார்த்தார். விளக்கை நான் ஏற்றலாமென்று இப்போது சொல்லுவார் என நினைத்து, நெருப்புப்பெட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றேன். கோயில் நிறையச் சனம்.

“பூசைக்கு நேரமாச்சு,” என்றார் சுவாமி. என் கையிலிருந்த நெருப்புப்பெட்டியை மெதுவாக வாங்கி, விளக்கைத் தானே ஏற்றினார்.

அன்றோடு அந்தச் சண்டை ஓய்ந்தது. அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் சுவாமியே ஏற்றினார். குருவானவர் ஏற்றினால் தலைவிக்கும் வாயில்லை, எனக்கும் வாயில்லை. கெட்டிக்காரத்தனமான முடிவு. அவர்மீது எனக்கு வந்த கோபம் இன்றைக்கும் முழுதாக ஆறவில்லை. தடுத்தவரை எதிர்த்துப் பேசலாம். இரக்கத்தோடு என் கையிலிருந்து வாங்கியவரை என்ன சொல்லி எதிர்ப்பது? அடுத்த நாள் காலை மாதா சிவப்புச் சேலையில் நின்றா.

ஆனால் அந்தத் திருநாளன்று, சனம் கலைந்த பிறகு, மாமி கடைசி வாங்குப் பலகையிலிருந்து எழுந்து வந்தார். திருநாட்களில் அவர் தூணுக்குப் பின்னாலிருந்து அசையமாட்டார். சுரூபத்தடிக்கு வந்து, வெள்ளைச் சேலையின் கரையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றார்.

சில நாள் கழித்து மச்சாளும் கணவரும் கருவாடு வாங்கப் பக்கத்துக் கடலோரக் கிராமமான சல்லிக்குப் போயிருந்தார்கள். பொழுதுபட்டுவிட்டது. இருட்டில் செபிக்க நான் முழந்தாளில் நின்றேன். மாமி நெருப்புப்பெட்டியை எடுத்து என் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மூடினார்.

“ஏத்து பிள்ளை,” என்றார். பிறகு தெருப்பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். “முதல்ல கதவைச் சாத்து. ஆக்கள் பாப்பினம்.”

நான் எழுந்து போய்க் கதவைச் சாத்தினேன்.