தொடுவதற்கு முன்பே கத்தினேன்

ஆறு வருஷமாக விடாத இடுப்பு வலிக்கு எலும்பு டாக்டர் என்னை ஒரு பிசியோதெரபிஸ்டிடம் அனுப்பினார். கிழக்கேகோட்டையில் ஒரு மருந்துக் கடைக்கு மேல் மாடி. இடுப்பு பிடித்தவர்கள் ஏறவேண்டிய இடத்துக்கு அப்படிச் செங்குத்தான படி. ஏறும்போதே எனக்கு எரிச்சல்.

பிசியோதெரபிஸ்ட் பாறசாலைக்காரன்; பேச்சில் பாதி மலையாளம். என் மகன் வயதுதான் இருக்கும். நான் பத்திரமாகக் கொண்டுபோன ஸ்கேன் படத்தை உறையிலிருந்து எடுக்கக்கூட இல்லை. "கமந்து படுங்க ஆன்ட்டி" என்றான். முதுகெலும்பின் இரண்டு பக்கமும் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே இறங்கினான். பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தேன். இரண்டு நாள் பொறுத்தேன்.

மூன்றாம் நாள் கட்டில் லேசாக அசைந்தது. கை இடுப்புக்கு வந்துவிட்டது என்று நினைத்து, "ஐயோ, அங்கே வேண்டாம்!" என்று அலறினேன்.

"நான் இன்னும் தொடவே இல்ல, கேட்டோ?"

குரல் ஜன்னல் பக்கமிருந்து வந்தது. துண்டு எடுக்கப் போயிருக்கிறான். திரைக்கு அந்தப் பக்கம் படுத்திருந்த யாரோ சிரித்தார்கள்.

எழுந்து உட்கார்ந்தேன். "அப்போ நான் பொய் சொல்றேன்கறேளா?"

"பொய் இல்ல ஆன்ட்டி. வலி உண்டு. பயம் அதவிடக் கூடுதலாக்கும்."

"ஆறு வருஷமா குனிஞ்சு ஒரு வாளி தூக்கினதில்லை நான். அது பயமா?"

"அதத்தான் சொல்லுதேன்."

செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிட்டேன். ஸ்ரீவராகம் வரை ஆட்டோவில் அவனை மனசுக்குள் திட்டிக்கொண்டே வந்தேன். வீட்டில் என் கணவர் முழுக் கதையையும் கேட்டுவிட்டு, "அந்தப் பையன் சொன்னதிலே என்ன தப்பு?" என்றார். இரண்டு நாள் அவரோடும் பேச்சில்லை.

அவன் சொன்னது தப்பு என்று காட்டவேண்டும் என்ற வெறி மட்டும் அடங்கவில்லை. ஒரு காலை, குளியலறையில் அரை வாளித் தண்ணீரை வேண்டுமென்றே குனிந்து தூக்கினேன். முதுகு பிடித்துக்கொண்டு அங்கேயே விழுவேன், எல்லோரும் பார்க்கட்டும் என்று எண்ணம். வலித்தது. ஆனால் விழவில்லை. வாளியும் கையுமாக நின்றபோது அவன்மேல் இருந்த கோபம் இரண்டு மடங்காயிற்று.

மறுநாள் போனேன். "அமுக்குங்கோ. ஆனா பேசாதேங்கோ" என்றேன்.

அவன் பேசவில்லை. இரண்டு மாதம் அழுத்தினான், காலை மடக்கினான், குனிய வைத்தான், நிமிர வைத்தான். வலி முழுக்கப் போய்விடவில்லை. ஆனால் ஆபீஸ் நாற்காலியில் மத்தியானம் வரை எழுந்திருக்காமல் உட்கார முடிகிறது. துணி உலர்த்த யாரையும் கூப்பிடுவதில்லை.

கடைசி நாள் கை துடைத்துக்கொண்டே கேட்டான்: "ஆன்ட்டிக்கு என்மேல இப்பவும் தேஷ்யம் உண்டா?"

"கோபமா? உண்டு" என்றேன்.

தலையை ஆட்டிக்கொண்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டான்.