ராகு காலத்தில் பூட்டிய கேட்

நான் பயந்தாங்கொள்ளி. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. டிவி நிருபர் என்றால் கலவரத்துக்குள் மைக்கை நீட்டிக்கொண்டு பாய்கிற ஆள் என்று நினைத்துக்கொண்டுதான் புதுப் பிள்ளைகள் வேலைக்கு வருகிறார்கள். எனக்குத் தெருநாய் குரைத்தாலே ஸ்கூட்டியை வேறு தெருவுக்குத் திருப்புகிற பழக்கம். அப்படியிருந்தும் தென்காசி நிருபராகவே பல தேர்தல்களைக் கடந்தவள் நான். வாக்கு எண்ணும் நாளில் என்ன செய்ய வேண்டும் என்று இந்தப் பிள்ளைகள் கேட்கும்போதெல்லாம் நான் சொல்லுவது வேலாயுதம் அண்ணாச்சி வீட்டில் நடந்ததைத்தான்.

1. இரண்டு பிளேட்

எண்ணிக்கை நாள் நேரலை அன்று காலையில்தான் ஆரம்பிக்கிறது என்று பார்க்கிறவர்கள் நினைக்கிறார்கள். சேனலுக்குள் அது பல வாரத்து வேலை. ஒவ்வொரு முக்கிய வேட்பாளருக்கும் இரண்டு பிளேட் செய்து வைப்பார்கள். பிளேட் என்பது திரையில் வந்து நிற்கிற பட அட்டை. ஒன்றில் சிரித்த முகம், பச்சை எழுத்தில் 'வெற்றி'. இன்னொன்றில் உம்மென்ற முகம், சிவப்பில் 'தோல்வி'. அந்த மனிதர் வேகாத வெயிலில் தெருத்தெருவாகக் கும்பிட்டுக்கொண்டு அலையும்போதே அவருடைய இரண்டு தலையெழுத்தும் சென்னையில் கம்ப்யூட்டருக்குள் தயாராக இருக்கும். ஒரு பட்டனைத் தட்டுவதுதான் பாக்கி.

அதற்கடுத்து ஆட்களைப் பிரிப்பார்கள். எண்ணும் மையத்தின் வாசலில் ஒரு நிருபர். உள்ளே இருக்கும் கட்சி முகவர்கள் போன் வைத்துக்கொள்ள முடியாது என்பதால், வெளியே வருகிறவர்களிடம் கேட்டுக் கேட்டுத்தான் சுற்று விவரம் கிடைக்கும். வேட்பாளர் வீட்டில் இன்னொரு நிருபர். இதற்கு எங்கள் பாஷையில் 'வீட்டு லைவ்' என்று பெயர். அந்த முறை வீட்டு லைவ் என் தலையில் விழுந்தது. சென்னையில் திரையில் எது போக வேண்டும் என்று முடிவு செய்கிற அவுட்புட் பொறுப்பாளராக இருந்த பரந்தாமன் சார் போனில் விளக்கினார்.

"ஜெயிக்கிற செகண்ட் அவரு முகம் நம்மகிட்டதான் இருக்கணும் கோமதி. மனைவி அழணும், புள்ள ஓடி வந்து கட்டிப் பிடிக்கணும். வீட்டு டிவியில நம்ம சேனல்தான் ஓடணும். புரியுதா?"

"தோத்துட்டா சார்?"

"தோத்தா அதைவிட நல்லா இருக்கும்."

போனை வைத்தேன். எனக்குப் பயம் அப்போதே பிடித்துக்கொண்டது.

காரணம் இருந்தது. வேலாயுதம் அண்ணாச்சியின் வீடு தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற ரோட்டில். அவரை எதிர்த்து நின்றவர் குற்றாலத்துக்காரர். இவர் ஜெயித்தால் ஊர்வலம் குற்றாலநாதர் கோயிலுக்குப் போகும், அவர் ஜெயித்தால் ஊர்வலம் தென்காசிக்கு வரும். இரண்டுக்கும் அந்த ஒரே ரோடுதான். பிரசாரத்தின்போது இரண்டு பக்கத்துப் பையன்களும் அதே ரோட்டில் மோதி, ஒருவனுக்கு மண்டையில் தையல் போட்டிருந்தது. ஆஸ்பத்திரி வாசலில் நின்று அந்தச் செய்தியைக் கொடுத்தவள் நான்தான்.

2. கேசரி வீடு

எண்ணிக்கை நாள் காலையிலேயே நானும் கேமராமேன் இசக்கியும் போய்விட்டோம். வீட்டு லைவுக்கு என் சட்டம் ஒன்று உண்டு. கார் வெளியே பார்த்துத்தான் நிற்க வேண்டும். டிரைவர் அதைக் காம்பவுண்டுக்குள் அப்படியே திருப்பி நிறுத்தினார். இசக்கி சிரித்தான்.

"வந்த ஒடனே ஓடுததுக்கு வழி பாக்கியளே அக்கா."

"நீ சிரி. கல்லு வரும்போது கேமராவத் தூக்கிக்கிட்டு எனக்கு முன்னால ஓடுவ."

கூடத்தில் டிவி அலறிக்கொண்டிருந்தது. அண்ணாச்சி கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டையில் சோபா நுனியில் உட்கார்ந்திருந்தார். புளியங்குடி எலுமிச்சை மார்க்கெட்டில் கமிஷன் கடை வைத்திருந்தவர். நல்ல மனிதர்தான், கொஞ்சம் முன்கோபி. மேடையில் பகுத்தறிவு பேசுவார். ஆனால் வேட்புமனு கொடுக்க வந்த அன்று ராகு காலம் முடிகிற வரைக்கும் ஆபீஸ் வாசலில் காருக்குள்ளேயே இருந்தார், வெயிலில் நாங்கள் அத்தனை பேரும் காய்ந்தோம். இந்த விஷயத்தில் எந்தக் கட்சியும் இன்னொன்றுக்குச் சளைத்ததில்லை.

அவர் மனைவி செண்பகம் மதினி அடுக்களையில் அண்டா நிறையக் கேசரி கிண்டிக்கொண்டிருந்தார்கள். நான் அவர்களைப் பேட்டி எடுக்கப் போனபோது கேமராவைப் பார்த்துக் கையை ஆட்டிவிட்டார்கள்.

"என்னைய விட்டுரு தாயி. எனக்கு ஜெயிக்கதும் வேண்டாம், தோக்கதும் வேண்டாம். எம்பய முழுசா வீட்டுல கெடந்தா போதும்."

பையன் பெயர் முத்துக்குமார். கல்லூரி முடித்து அப்பாவுக்காக ஊர் சுற்றிய பையன். மண்டையில் தையல் போட்டிருந்தது அவனுக்குத்தான். முடி இன்னும் சரியாக முளைக்கவில்லை. காம்பவுண்டுக்குள் நின்ற திறந்த ஜீப்புக்குச் சாமந்தி மாலை கட்டிக்கொண்டிருந்தான்.

3. பச்சை எழுத்து

சுற்றுக்குச் சுற்று முன்னிலை மாறியது. முன்னிலை என்கிற சொல்லில் ஒரு பாதுகாப்பு உண்டு. அது மாறலாம், யாரும் நம்மைக் கேட்க மாட்டார்கள். வெற்றி என்று போட்டுவிட்டால் பின்வாங்க முடியாது.

மதியம் கடைசிச் சுற்று முடிந்தது என்று மையத்திலிருந்து தகவல். அண்ணாச்சி கொஞ்ச ஓட்டு வித்தியாசத்தில் மேலே இருந்தார். மற்ற சேனல்கள் இன்னும் முன்னிலை என்றே போட்டிருந்தன. எங்கள் திரையில் மட்டும் பச்சை எழுத்தில் 'வெற்றி' வந்து விழுந்தது.

கூடம் அதிர்ந்தது. யாரோ அண்ணாச்சிக்கு மாலை போட்டார்கள். அவர் எழுந்து நின்று யாரைக் கும்பிடுவதென்று தெரியாமல் டிவியையே கும்பிட்டார். வெளியே சரவெடி. போன்கள் விடாமல் அடித்தன, எல்லோரும் எங்கள் சேனலைப் பார்த்துவிட்டுத்தான் வாழ்த்தினார்கள். காதில் மாட்டியிருந்த இயர்போனில் பரந்தாமன் சார் உற்சாகமாகக் கத்தினார். "நாமதான் ஃபர்ஸ்ட். முகம், முகத்தை எடுங்க."

எடுத்தோம். பையன் ஓடி வந்து கட்டிப் பிடித்தான். நன்றாகத்தான் வந்தது.

ஜீப்பை ஸ்டார்ட் செய்தார்கள். மேளக்காரர்கள் தோளில் வாரை மாட்டினார்கள். அப்போது காதில் அதே குரல் மெதுவாக, வேறு மாதிரி வந்தது.

"கோமதி, நான் சொல்றதைக் கேட்டுக்கங்க. பதில் பேச வேண்டாம். மையத்துல ரெண்டு மிஷின தனியா எடுத்து வெச்சிருக்காங்களாம். டிஸ்ப்ளே வரலை, ஓட்டு போட்டப்போ விழுந்த விவிபேட் சீட்டைத்தான் எண்ணணும். அதுல இருக்கிற ஓட்டு இவரு லீடைவிட அதிகம். ரெண்டுமே எதிராளி ஏரியா பூத். விளம்பரம் முடிஞ்சதும் பிளேட்டைச் சத்தமில்லாம இறக்கிடப் போறோம். நீங்க அதுக்குள்ள கிளம்புங்க. லோகோவைக் கழட்டிப் பையில போட்டுக்கங்க."

என் கையிலிருந்த மைக்கைப் பார்த்தேன். மைக்கின் மேலே இருக்கிற அந்தப் பெட்டியில்தான் சேனல் பெயர் இருக்கும், அடிக்க வருகிறவர்கள் அதைத்தான் முதலில் பார்ப்பார்கள். இசக்கிக்கும் காதில் கேட்டிருந்தது. அவன் முகம் வெளுத்துவிட்டது.

"அக்கா, கார் வெளிய பாத்துத்தான நிக்கு. போயிருவோம்."

போயிருக்கலாம். கேட் திறந்திருந்தது. யாரும் எங்களைக் கவனிக்கவில்லை. ஆனால் எனக்குத் தெரிந்தது குற்றாலத்திலும் சீக்கிரம் தெரிந்துவிடும். அவர்கள் அங்கிருந்து கிளம்புவார்கள், இந்தப் பையன் இங்கிருந்து மாலை கட்டிய ஜீப்பில் கிளம்புவான். நடுவழியில் பார்த்துக்கொள்வார்கள். ஒரு பக்கம் ஜெயித்துவிட்டதாக நம்பிக்கொண்டு போகும், மறுபக்கம் ஏமாற்றப் பார்க்கிறார்கள் என்று கொதித்துக்கொண்டு வரும். மண்டையில் தையல் போட்ட அந்த இடமே என் கண்ணுக்குத் தெரிந்தது.

அண்ணாச்சியிடம் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. சுற்றி முப்பது ஆண்கள். அடுக்களைக்குப் போனேன்.

4. சாவி

மதினி கேசரியை வாழை இலைத் துண்டுகளில் வைத்துக்கொண்டிருந்தார்கள். நான் காதுக்குள் சொன்னேன். சரவெடிச் சத்தத்தில் இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது. கரண்டியைக் கீழே வைத்தார்கள்.

"நெசமாத்தான் சொல்லுதியா?"

"ஆமா மதினி. ஜெயிச்சாகளா தோத்தாகளான்னு இன்னும் யாருக்குமே தெரியாது. எங்க ஆபீஸ்ல அவசரப்பட்டுப் போட்டுட்டாங்க."

"பய ஜீப்புல ஏறிட்டானா?"

"ஏறிட்டான்."

கையைக்கூடக் கழுவவில்லை. ஆணியில் மாட்டியிருந்த பூட்டை எடுத்துக்கொண்டு நேரே வாசலுக்கு நடந்தார்கள். கூட்டம் வழிவிட்டது, வேட்பாளர் மனைவி ஆரத்தி எடுக்க வருகிறார் என்று நினைத்திருப்பார்கள். மதினி கேட்டை இழுத்துச் சாத்திப் பூட்டினார்கள். சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு திரும்பினார்கள்.

"வியாழக்கெழம ஒண்ணரைக்கு ராகு காலம் பொறந்துட்டு. மூணு மணி வரைக்கும் ஒருத்தரும் வெளிய போவக் கூடாது."

"ஏம்மா, ஊரே காத்துக் கெடக்கு," என்றான் முத்துக்குமார்.

"கெடக்கட்டும். மனு கொடுக்கப் போவும்போது உங்கப்பா பாத்தாவல்லா? இப்ப மட்டும் என்ன?"

எல்லோரும் அண்ணாச்சியைப் பார்த்தார்கள். மாலைக்குள்ளிருந்து அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "அவ சொல்லுததும் சரிதான். எறங்குலே," என்றார். பையன் முணுமுணுத்துக்கொண்டே இறங்கினான். ஜீப்பை அணைத்தார்கள். கேசரி வந்தது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. என் கார் வெளியே பார்த்துத்தான் நிற்கிறது, ஆனால் கேட் பூட்டிக் கிடக்கிறது. விளம்பரம் முடிந்ததும் இவர்கள் எல்லோரும் என்னைத்தான் திரும்பிப் பார்க்கப் போகிறார்கள். என் கையிலும் ஒரு இலைத் துண்டைக் கொடுத்தார்கள். இசக்கி கண்ணை மூடிக்கொண்டு இசக்கியம்மனைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தான்.

விளம்பரம் முடிந்தது. பச்சை எழுத்து இல்லை. 'முன்னிலை' என்று இருந்தது. மன்னிப்பும் இல்லை, விளக்கமும் இல்லை. செய்தி வாசிக்கிற பெண் எதுவும் நடக்காததுபோல் அடுத்த தொகுதிக்குப் போய்விட்டாள்.

முதலில் யாருக்கும் புரியவில்லை. பிறகு ஒருவன் சத்தமாகப் படித்தான். முத்துக்குமார் நேரே என்னிடம் வந்து மைக்கைப் பிடித்து இழுத்தான். நான் லோகோவைக் கழற்ற மறந்திருந்தேன்.

"எங்கள வச்சு வெளையாடுதியளா? யாருட்ட எவ்வளவு வாங்குனிய?"

பின்னாலிருந்து யாரோ கேமராவைத் தட்டினார்கள். இசக்கி அதைக் கட்டிப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டான். வாயைத் திறந்தேன், சத்தம் வரவில்லை. தினமும் ஊருக்கெல்லாம் பேசுகிற வாய் அது.

"ஏலே முத்து, அவள விடு." மதினி நடுவில் வந்து நின்றார்கள். "அவளுக்கு முன்னாலயே தெரியும். ஓடிருக்கலாம். ஓடாம எங்கிட்ட வந்து சொன்னா. ராகு காலமாவது ஒண்ணாவது. அவ சொல்லித்தான் நான் பூட்டினேன்."

அண்ணாச்சி மாலையைக் கழற்றினார். அவர் என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் கேட்டது வேறு.

"அப்போ நான் ஜெயிக்கலியாம்மா?"

"தெரியாது அண்ணாச்சி. இன்னும் எண்ணுதாங்க."

அந்த நேரத்தில்தான் ரோட்டிலிருந்து மேளச் சத்தம் கேட்டது. குற்றாலம் பக்கத்திலிருந்து வந்தது. லாரிகள், பைக்குகள், கோஷம், நடுநடுவே அண்ணாச்சி பெயரைச் சொல்லி வசவு. கம்புகளும் தெரிந்ததாகச் சுவருக்கு மேல் எட்டிப் பார்த்தவன் சொன்னான். இந்தப் பக்கம் முப்பது பேரும் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றோம். முத்துக்குமாரின் கை இன்னும் என் மைக்கில்தான் இருந்தது. அது ஆடுவதை நான் உணர்ந்தேன், என் கை ஆட்டமா அவன் கை ஆட்டமா தெரியவில்லை. கேட்டில் இரண்டு கற்கள் விழுந்தன. பிறகு போலீஸ் விசில். ஊர்வலம் நகர்ந்து தென்காசிப் பக்கமாகப் போனது. சத்தம் முழுதாக அடங்கிய பிறகுதான் பையன் மைக்கை விட்டான்.

சாயங்காலம் அதிகாரி முறைப்படி அறிவித்தார். அண்ணாச்சி தோற்றுவிட்டார். இந்த முறை எங்கள் சேனல் கடைசியாகத்தான் போட்டது. மதினி சாவியை எடுத்து எங்களுக்காக மட்டும் கேட்டைத் திறந்தார்கள்.

5. இன்னும் வருகிற போன்

தோற்ற முகத்தை நாங்கள் எடுக்கவில்லை என்று பரந்தாமன் சாருக்கு ரொம்ப நாள் வருத்தம். அவர் இப்போது வேறு சேனலில் இருக்கிறார். அந்த நாற்காலியில் நான் உட்கார்ந்திருக்கிறேன். சென்னையில் பச்சைப் பிளேட்டைப் போடு என்று சொல்லுகிற வாய் இப்போது என்னுடையது.

பிள்ளைகள் என்னிடம் பாடம் கேட்கிறார்கள். பாடம் இவ்வளவுதான். பயத்தை விட்டுவிடாதீர்கள். அன்றைக்கு அந்தப் பட்டனைத் தட்டியவருக்குப் பயம் இல்லை, அவர் குளிர்ந்த அறையில் இருந்தார். பூட்டிய கேட்டுக்குள்ளே யாராவது நம்மை நம்பிக்கொண்டு இருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டு தட்டுங்கள்.

போன தேர்தலில் முத்துக்குமாரே வேட்பாளர். மதியம் மற்ற சேனல்கள் எல்லாம் அவன் சிரித்த முகத்தைப் பச்சையில் போட்டுவிட்டன. என் அறையில் எல்லோரும் நின்றுகொண்டு கத்தினார்கள், நாம் மட்டும் பின்தங்கிவிட்டோம் என்று. என் போன் அடித்தது.

"ஏட்டி கோமதி, எல்லா டிவிலயும் பய ஜெயிச்சுட்டான்னு போடுதான். கேட்டு பக்கத்துலதான் நிக்கேன். சாவி எங்கிட்டதான் இருக்கு. நீ சொல்லு, தொறக்கவா?"

மையத்திலிருந்து இன்னும் அறிவிப்பு வரவில்லை. பழைய ஆட்டம் விரல்களில் வந்துவிட்டது. எதிரே எல்லோரும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இன்னும் இல்ல மதினி," என்றேன். "பூட்டியே இருக்கட்டும்."